ஞாயிற்றுக்கிழமை வண்டி

மொபெட்டிலிருந்து நான் விழுந்தது ஒரு பெரிய விஷயமே இல்லை. இரண்டு பக்கமும் கிளுவை வேலி போட்ட இட்டேரிப் பாதை, முந்தின நாள் நல்ல மழை, செம்மண் வழுக்கியது, விழுந்தேன். இடுப்பில் கொஞ்சம் அடி. நானே எழுந்து, வண்டியை நிமிர்த்தி, வேட்டியில் ஒட்டிய சேற்றைத் தட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அதோடு முடிந்திருக்க வேண்டிய சமாசாரம். அதைக் கோயமுத்தூர் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தவர் பக்கத்துத் தோட்டத்துத் தம்பிதுரை மச்சான். என் மனைவிக்குப் பெரியப்பா மகன். அவர் வீட்டில் போன் இருக்கிறது. போன் இருக்கிற மனுசனுக்குச் சொல்ல ஏதாவது சேதி வேண்டாமா? உடனே என் மகனைக் கூப்பிட்டு, உங்கப்பா உழுந்துபோட்டாரு என்று சொல்லிவிட்டார்.

என் மகன் சுரேந்தர் கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறான். மோட்டார் பம்புக்கு வேண்டிய சாமான்களைக் கடைந்து கொடுக்கிற வேலை. அன்றைக்குச் சாயங்காலமே அன்னூர் ரோட்டில் வேகமாக வந்து தோட்டத்தில் நின்றான்.

"அறுவத்தாறு வயசு ஆச்சுங்கப்பா. இனி ரெண்டு சக்கரம் வேண்டாமுங்க. பேசாம எங்ககூட வந்துருங்க" என்றான்.

"மாட்டை ஆரு பாக்கறது?"

"வித்துப் போடலாமுங்க."

"தென்னைக்குத் தண்ணி?"

அதற்கு அவன் ஒரு வழி சொல்லி இருந்தாலும் நான் போயிருக்க மாட்டேன். என் மனைவி குழந்தையம்மாள் இறந்த வருஷம் அவன் வீட்டில் ஒரு மாதம் இருந்து பார்த்தவன் நான். மருமகள் மோகனப்பிரியா தங்கமான பெண், ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் காலையில் அவரவர் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கிளம்பிப் போனபிறகு, பூட்டிய கதவுக்குள் டிவியும் நானும்தான் உட்கார்ந்திருப்போம். தோட்டத்திலும் தனிதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் தோட்டத்தில் மாட்டையாவது திட்டலாம். அது திரும்பிப் பார்க்கும்.

எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் அவரவர் தோட்டத்துக்குள் அவரவர் வீடு. கூப்பிட்டால் கேட்காத தூரத்தில்தான் அடுத்த வீடு இருக்கும். அப்பா, அம்மா, தம்பிகள், பண்ணையாட்கள் என்று வீடு நிறைய ஆட்கள் இருந்தபோது அந்தத் தூரம் யாருக்கும் தெரியவில்லை. ஒவ்வொருவராகப் போய் நான் ஒருவன் மிஞ்சிய பிறகுதான் எனக்கே தெரிந்தது.

சுரேந்தருக்கும் எனக்கும் சண்டை ஒன்றும் இல்லை. பேச்சுதான் இல்லை. அவன் அம்மா இருந்தவரை அவனிடம் கேட்க வேண்டியதை அவளிடம் கேட்பேன், அவன் சொல்ல வேண்டியதை அவளிடம் சொல்லுவான். அவள் போனதும் இரண்டு பேரும் வாயில்லாப் பூச்சிகள் ஆகிவிட்டோம். மாதத்துக்கு ஒரு தடவை மச்சான் வீட்டுக்குப் போன் பண்ணுவான். மச்சான் ஆளனுப்புவார், நான் அரக்கப்பரக்க ஓடுவேன். சாப்டீங்களா, மழை உண்டுங்களா, ஒடம்பு பரவால்லீங்களா என்று கேட்பான். எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டுவிட்டு வைத்துவிடுவேன். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவான். வந்தாலும் கட்டிலில் உட்கார்ந்து விட்டத்தைப் பார்ப்பான். நானும் அதையே பார்ப்பேன்.

அந்த மொபெட் விழுந்த சங்கதிக்குப் பிறகுதான் அவன் ஒரு வேலை செய்தான். உக்கடத்தில் பழைய இரும்புக்கடை வைத்திருக்கும் ஜபருல்லா என்பவரிடம் ஓடி ஓய்ந்த ஆட்டோ ஒன்றை வாங்கினான். இன்ஜினையும் பின் அச்சையும் மட்டும் வைத்துக்கொண்டு மீதியை வெட்டி எறிந்துவிட்டான். முன்னால் இரண்டு சக்கரம், மொபெட்டில் இருப்பது மாதிரி ஹேண்டில்பார், நடுவில் காலை இரண்டு பக்கமும் போட்டு உட்கார ஒரு பழைய புல்லட் சீட்டு, பின்னால் மாட்டுக்குப் போடும் சோளத்தட்டுக் கட்டு வைக்க இரும்புச் சட்டம். கியரும் கிளட்சும் இடது கையில், பிரேக் மட்டும் வலது காலில். ரிவர்ஸ்கூட உண்டு. கால் வைப்பதற்கு பக்கத்துக்கொரு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். பலகை அடித்தால் சேறு அப்பிக்கொள்ளும் என்று கம்பியோடு விட்டுவிட்டான்.

அதை டெம்போவில் ஏற்றிக்கொண்டுவந்து களத்தில் இறக்கியபோது அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பள்ளிக்கூடத்தில் கப் வாங்கிக்கொண்டு வந்தவன் மாதிரி நின்றான்.

"நாலு சக்கரமுங்கப்பா. நீங்களே தள்ளுனாலும் உழுகாது" என்றான்.

வாய்க்கால், வரப்பு, உழுத காடு எதுவானாலும் அது ஏறி இறங்கியது. மச்சான் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எருமைக்கன்னாட்டம் இருக்குதுங்க மாப்ளே" என்றார். பொறாமைதான், வேறென்ன. மாட்டு வேலைக்கு வருகிற பாவாத்தாள் அதன் சத்தத்துக்குப் பயந்து ஒரு வாரம் கிட்டவே வரவில்லை. நான் தட்டு ஏற்றினேன், தேங்காய் ஏற்றினேன், உர மூட்டை ஏற்றினேன். இந்த வயதில் ஒரு மனுசனுக்கு வண்டி என்றால் என்னவென்று கோயமுத்தூரில் கார் வைத்திருப்பவர்களுக்குப் புரியாது. யாரையும் கெஞ்ச வேண்டாம், அவ்வளவுதான்.

ஆனால் உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அந்த வண்டியைவிடப் பெரிதாக இன்னொன்று கிடைத்தது. சுரேந்தர் ஞாயிற்றுக்கிழமைதோறும் வர ஆரம்பித்தான்.

இது சரியாக ஓடினால் இன்னும் நாலு பேருக்குச் செய்து விற்கலாம் என்று அவனுக்கு ஒரு நினைப்பு. அதனால் காலையில் வந்து இறங்கியதும் பேண்ட்டைக் கழற்றிவிட்டு என் பழைய லுங்கியைக் கட்டிக்கொண்டு வண்டிக்கடியில் படுத்துவிடுவான். அடியிலிருந்தே கேள்வி வரும். "ஏத்தத்துல இழுக்குதுங்களா? சேத்துல சிக்குச்சுங்களா? கியரு உழுகறப்போ சத்தம் வருதுங்களா?" நான் பதில் சொல்வேன். ஒன்றுக்குப் பத்தாகச் சொல்வேன். அவனுக்குச் சொல்வதற்காகவே வாரம் முழுவதும் காதைத் தீட்டிக்கொண்டு வண்டி ஓட்டுவேன். சொல்ல ஒன்றும் கிடைக்காத வாரங்களில் சனிக்கிழமை பொழுதோடு நானே ஒரு நட்டைத் தளர்த்தி வைத்துவிடுவேன். அவன் மறுநாள் அதைக் கண்டுபிடித்து, "எப்பிடிங்கப்பா இது லூசாச்சு?" என்று தலையைச் சொறிவான். "ஆருக்குத் தெரியும்?" என்பேன்.

மத்தியானத்துக்கு நானே அரிசிம்பருப்புச் சாதம் ஆக்குவேன். கையில் கிரீஸோடு உட்கார்ந்து இரண்டு தட்டுச் சாப்பிடுவான். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "அம்மா வெக்கற மாதிரியே இருக்குதுங்கப்பா" என்றான். நான் எழுந்துபோய்த் தண்ணீர் எடுத்து வந்தேன். சொம்பில் தண்ணீர் நிறையத்தான் இருந்தது. அவன் வெயில் தாழக் கிளம்பிப் போன பிறகும் களத்தில் எண்ணெய் வாசமும் அவன் பேச்சும் கொஞ்ச நேரம் இருப்பதாகத் தோன்றும். செவ்வாய்க்கிழமை வரைக்கும் எனக்கு அது போதும். புதன்கிழமையிலிருந்து அடுத்த ஞாயிறை எதிர்பார்க்க ஆரம்பித்துவிடுவேன்.

ஆடி கடைசியில், ஒரு வியாழக்கிழமை காலை. பின்னால் சோளத்தட்டுக் கட்டு கனமாக இருந்தது. வாய்க்கால் மேட்டில் திரும்பும்போது இடப்பக்க முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கி வண்டி சாய்ந்தது. கவிழவில்லை. அவன் சொன்ன மாதிரி அது விழாத வண்டிதான். ஆனால் சாய்ந்த மாத்திரத்தில் என் இடது கால் கம்பியை விட்டு இறங்கித் தரையில் ஊன்றிவிட்டது.

நான் ஊன்றவில்லை, கால் ஊன்றியது. இதைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் ஆயுசு முழுவதும் சைக்கிளும் மொபெட்டும் ஓட்டியிருக்க வேண்டும். சாய்ந்தால் காலை ஊன்று, இதுதான் இந்த உடம்புக்குத் தெரிந்தது. மூளையிடம் கேட்டுக்கொண்டு அது நடப்பதில்லை. சைக்கிளில் ஊன்றினால் தப்பித்தோம். இந்த வண்டியில் ஊன்றிய காலுக்குப் பின்னாலேயே ஒரு சக்கரம் வருகிறது.

பின்சக்கரம் குதிகாலைப் பிடித்து, பாதத்தை முன்னால் மடக்கி, அதன்மேல் ஏறி நின்றுவிட்டது. உள்ளே ஏதோ முறிந்த சத்தம் என் காதுக்கே கேட்டது. இன்ஜின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பாவாத்தாளைக் கூப்பிட்டேன். அவள் பால் கறந்து வைத்துவிட்டு எப்போதோ போயிருந்தாள். மச்சானைக் கூப்பிட்டேன். அவர் தோட்டத்தில் மோட்டார் ஓடுகிற சத்தம்தான் வந்தது. கடைசியில், கேட்பதற்கு ஆளில்லை என்று தெரிந்தும், குழந்தையம்மாளைக் கூப்பிட்டேன். கூப்பிட்ட பிறகு யாராவது பார்த்துவிட்டார்களோ என்று சுற்றிலும் பார்த்தேன்.

வேறு வழியில்லாமல் ரிவர்ஸ் போட்டேன். சக்கரம் ஏறின வழியாகவே இறங்கியது. உயிர் போய் உயிர் வந்தது என்பார்களே, அது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். தட்டுக்கட்டின்மேல் சாய்ந்து கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தேன். அந்த வலியிலும் முதலில் வந்த யோசனை, இன்றைக்கு வியாழன், ஞாயிற்றுக்கிழமைக்குள் நடந்தாக வேண்டும் என்பதுதான். சுரேந்தருக்குத் தெரிந்தால் அவன் ஒரு நிமிஷம் யோசிக்க மாட்டான், வண்டியை ஏற்றிக்கொண்டு போய்விடுவான். வண்டி போய்விட்டால் அவன் எதற்காக ஞாயிற்றுக்கிழமை இங்கே வரப்போகிறான்?

இடது காலுக்கு அந்த வண்டியில் வேலையில்லை. அதனால் அதே வண்டியை ஓட்டிக்கொண்டு பக்கத்து ஊர்க் கட்டு வைத்தியரிடம் போனேன். வேடிக்கைதான். அவர் காலைப் பிடித்துப் பார்த்தார்.

"எதுல நசுங்குச்சுங்க?"

"தொட்டிக்கல்லு உழுந்துருச்சுங்க."

முட்டை வெள்ளைக்கருவில் உளுந்துமாவைக் குழைத்துப் பூசி, மூங்கில் பத்தை வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினார். மூன்று வாரத்துக்குக் கட்டை அவிழ்க்கவே கூடாது, அவிழ்த்தால் எலும்பு கோணிக்கொள்ளும் என்று சொன்னார். சரிங்க சரிங்க என்று தலையாட்டிவிட்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் எழுந்து, சுடுதண்ணீர் ஊற்றி ஊறவைத்து, கட்டை அவிழ்த்துக் கழுவி, பத்தைகளையும் துணியையும் அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். பாதம் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது. வேட்டியைத் தழையத் தழையக் கட்டிக்கொண்டு களத்தில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

பொய்யைத் தயாராக வைத்திருந்தேன். பாவாத்தாள் கேட்டதற்கு மாடு மிதித்துவிட்டது என்று சொல்லியிருந்தேன். மச்சான் கேட்டதற்கு முள் குத்தியது என்று சொல்லியிருந்தேன். மகனுக்கென்று நல்லதாக, நாலு பேர் நம்புகிற மாதிரி ஒன்று யோசித்து வைத்தேன். தண்ணீர்த் தொட்டிக்கு வைத்த கல், அது எந்தப் பக்கம் சாய்ந்தது, நான் எப்படி நின்றுகொண்டிருந்தேன் என்பது வரைக்கும் சேர்த்துத்தான் வைத்திருந்தேன்.

சுரேந்தர் வந்தான். லுங்கியைக் கட்டினான், அடியில் படுத்தான். "பதினாலாம் நம்பர் ஸ்பேனர் எடுங்கப்பா" என்றான். நான் நொண்டிக்கொண்டே போய் எடுத்துக்கொண்டு நொண்டிக்கொண்டே வந்தேன். அவன் தலைக்குப் பக்கத்தில் நின்று குனிந்து கொடுத்தேன். என் இடது பாதம் அவன் காதிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது. வேட்டி வேறு விலகிவிட்டது. 

"பின்னச்சுல ஏதோ ஆட்டம் இருக்குதுங்களே. எதுலயாவது ஏத்தீட்டீங்களா?" என்றான்.

"இல்லயே."

"பாத்து ஓட்டுங்கப்பா. பேரிங் போயிருமுங்க."

அவ்வளவுதான். சாப்பிட்டான், கிளம்பினான். நான் கட்டைத் திரும்ப எடுத்து, உளுந்துமாவைக் குழைத்து, தெரிந்த மாதிரி கட்டிக்கொண்டேன். தப்பித்தோம் என்று சந்தோஷப்பட வேண்டிய மனுசன் நான். ஆனால் அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. அவன்மேல் கோபம் கோபமாக வந்தது. ஒரு வார்த்தை கேட்டால் குறைந்தா போய்விடுவான்? மறுநிமிஷம் என்மேலேயே கோபம் வந்தது. மறைத்தவன் நீ, கேட்கவில்லை என்று அழுகிறவனும் நீயா என்று என்னையே வைதுகொண்டேன்.

அடுத்த ஞாயிறும் அவிழ்த்தேன், கட்டினேன். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. இரண்டு தடவையும் அவன் கேட்கவில்லை. அச்சு ஆட்டத்தைச் சரிசெய்தான், வெளிச்சத்துக்கு லைட் ஒன்று மாட்டினான். நான் பக்கத்தில் இருந்து பேசிக்கொண்டே இருந்தேன். கால் உள்ளே விண்விண்ணென்று தெறித்தது. ஆனாலும் சொல்கிறேன், அந்த ஞாயிற்றுக்கிழமைகளும் எனக்கு நல்ல ஞாயிற்றுக்கிழமைகள்தான்.

ஆவணியில் மச்சான் ஆரம்பித்தார். அவருக்கு என்னைவிட நாலு வயசு கூட. முழங்கால் தேய்ந்து தடி ஊன்றி நடக்கிறவர். "எனக்கும் ஒரு எருமைக்கன்னு செஞ்சு குடு கண்ணு" என்று போனிலேயே சுரேந்தரிடம் சொல்லிவிட்டார். இவனுக்குத் தலைகால் புரியவில்லை. முதல் கிராக்கி அல்லவா. அந்த வாரம் வந்தவுடனே மச்சானை அழைத்துவந்து, ஓட்டிப் பாருங்கள் என்று வண்டியில் ஏற்றிவிட்டான்.

அன்றும் கட்டை அவிழ்த்துவிட்டு நான் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். அவர் உட்கார்ந்த மாதிரியைப் பார்த்ததுமே கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். அவரும் நாற்பது வருஷம் சைக்கிள் ஓட்டின ஆள். கம்பியில் கால் வைக்காமல், இரண்டு காலையும் இரண்டு பக்கமும் தரையை உரசுகிற மாதிரி தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய்வரைக்கும் வந்தது. களத்துக்குள்தானே ஓட்டப் போகிறார், ஒரு சுற்று, இறங்கிவிடுவார் என்று விழுங்கிக்கொண்டேன்.

அவர் களத்தோடு நிற்கவில்லை. "வாய்க்கா மேட்டுல ஏறுதான்னு பாக்கறேன்" என்று திருப்பினார். சுரேந்தர் பக்கத்தில் சிரித்துக்கொண்டே நடந்தான்.

மேட்டில் வண்டி இடப்பக்கம் சாய்ந்தது. மச்சானின் கால் இறங்கியது.

நான் எழுந்து ஓடினது எனக்குத் தெரியாது. "காலைத் தூக்குங்க மச்சான், காலைத் தூக்குங்க" என்று கத்திக்கொண்டே ஓடினேன். பாதிவழியில் என் கால் மடங்கி முகங்குப்புற விழுந்தேன். என் சத்தத்தில் மிரண்டுபோய் மச்சான் கையை விட்டுவிட்டார், இன்ஜின் அணைந்தது. சக்கரம் அவர் செருப்பின் பின்பக்கத்தைக் கவ்விக்கொண்டு நின்றது. அவர் காலை உருவிக்கொண்டு இறங்கினார். செருப்பு அங்கேயே இருந்தது.

"என்னங்கப்பா ஆச்சு உங்களுக்கு?" என்று சுரேந்தர் என்னிடம் ஓடிவந்தான். தூக்கி உட்காரவைத்தான். அப்போதுதான் காலைப் பார்த்தான். வீக்கம் வடிந்திருந்தது. ஆனால் பாதம் உள்பக்கமாகத் திரும்பி, பெருவிரல் அடுத்த விரலின்மேல் ஏறியிருந்தது.

"இது என்னங்க?"

நான் யோசித்து வைத்த கல்லும் தொட்டியும் அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வந்தன. மச்சான் ஒற்றைச் செருப்போடு நின்றுகொண்டிருந்தார்.

"இந்த வண்டிதான். இதே எடத்துல. காலை ஊணுனேன், ஏறிருச்சு" என்றேன்.

"எப்பங்க?"

"ஆடி கடைசீல."

அவன் வாய்க்குள் எதையோ கணக்குப் போட்டான். "நான் அதுக்கப்பறம் எல்லா ஞாயித்துக்கெழமையும் வந்தனே" என்றான்.

"வந்தே."

"இங்கதான இருந்தீங்க?"

"இங்கதான் இருந்தேன்."

அவன் என் பாதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். கிரீஸ் படியாத கை, வேலை இன்னும் ஆரம்பித்திருக்கவில்லை. தடவித் தடவிப் பார்த்தான். அவன் தலை குனிந்திருந்ததால் முகம் தெரியவில்லை. மச்சான் செருப்பை உருவி எடுத்துப் போட்டுக்கொண்டு, "எனக்கு வேண்டாங்கண்ணு. நான் நடந்தே போயிக்கறேன்" என்று தடியை ஊன்றிக்கொண்டு போனார். எப்போதும் நாலு வார்த்தை கூடப் பேசுகிற மனுசன் அன்றைக்கு அவ்வளவுதான் பேசினார்.

அன்றே என்னைக் கோயமுத்தூர் கூட்டிப்போனான். எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு கோணலாகவே சேர்ந்துவிட்டது, திரும்ப உடைத்துத்தான் நேராக்க வேண்டும், இந்த வயதில் அதைச் செய்யச் சொல்ல மாட்டேன் என்றார் டாக்டர். உடனே வந்திருந்தால் சரியாகியிருக்குமா என்று சுரேந்தர் கேட்டான். ஆகியிருக்கும் என்று அவர் சொன்னார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் டெம்போ போய் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டது. சில நாள் அவன் வீட்டில் இருந்தேன். பட்டறையிலிருந்து அவன் வர ராத்திரி ஆகும். சாப்டீங்களா என்று கேட்பான், ஆமாம் என்பேன். பிறகு நான்தான் மாடு மாடு என்று நச்சரித்து ஊருக்கு வந்து சேர்ந்தேன்.

வந்து முதல் ஞாயிறு அவன் வரவில்லை. அரிசியும் பருப்பும் ஊறவைத்து மத்தியானம்வரை பார்த்துவிட்டு, மாட்டுக்குக் கலந்து வைத்தேன். இரண்டாவது ஞாயிறு வந்தான். ஒறம்பரை வீட்டுக்கு விருந்து வருகிறவன் மாதிரி, கையில் ஒரு பை ஆப்பிள். லுங்கி எடுத்து வைத்திருந்தேன், அவன் பேண்ட்டோடு கட்டிலில் உட்கார்ந்தான். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. பாவாத்தாள் வந்து மோர் கொடுத்துவிட்டுப் போனாள். குடித்து முடித்துவிட்டோம்.

"வண்டியை என்ன பண்ணுனே?" என்றேன்.

"பிரிச்சுப் போட்டுட்டனுங்க."

"காலுக்குப் பலகை வெச்சு, ஓரத்துல தடுப்புக் கட்டுனா ஒண்ணும் ஆகாது சுரேந்தரு. ஊண முடியாதபடி செஞ்சுரு. கொண்டா, நானே ஓட்டிப் பாத்துச் சொல்றேன்."

"வேண்டாமுங்கப்பா."

"ஏன் வேண்டாங்கறே? ஒருக்கா தப்பாச்சுன்னா உட்டுப்போடறதா?"

"உங்க காலைக் குடுத்து நான் வண்டி செஞ்சு பழகோணுமுங்களா?"

"இன்னொரு காலு நல்லாத்தான இருக்குது" என்றேன்.

விளையாட்டுக்குச் சொன்ன மாதிரிதான் சொன்னேன். சிரிக்கக்கூடச் செய்தேன். அவன் சிரிக்கவில்லை. முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தான். வண்டியைப் பார்க்கிற மாதிரி, எங்கே கோளாறு என்று தேடுகிற மாதிரி பார்த்தான்.

"ஏனுங்கப்பா, ஒரு மாசம் ஏன் சொல்லாம இருந்தீங்க?"

"சொன்னா வண்டியை எடுத்துட்டுப் போயிருவே."

"போனாப் போகுது. தட்டுக் கொண்டார ஒரு ஆளை வெச்சிருக்கலாமுங்களே. கட்டை அவுத்து அவுத்துக் கட்டுனீங்களாமே, பாவாத்தா சொன்னா. அப்பிடி என்னங்க அந்த வண்டியில?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. படித்தவன், நுணுக்கமான வேலையெல்லாம் செய்கிறவன், இது விளங்கவில்லையா என்று வந்தது. "வண்டி ஆருக்கு வேணும்? தட்டுக் கட்டைத் தலையில வெச்சுக்கூடக் கொண்டாருவேன்" என்றேன்.

அவனுக்குப் புரிவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்தபோது அவன் கழுத்து சிவந்தது. சின்ன வயதிலும் அவனுக்கு அப்படித்தான்.

"வண்டி இல்லீன்னா நான் வர மாட்டேன்னு நெனைச்சீங்களா?"

"ஆமா" என்றேன்.

சொல்லிவிட்டேன். இவ்வளவு நாள் சொல்லாமல் வைத்திருந்ததை ஒரு வழியாகச் சொல்லிவிட்டேன். அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படியெல்லாம் இல்லீங்கப்பா என்று ஒரு வார்த்தை சொல்லுவான், அதை நான் நம்பக்கூட வேண்டியதில்லை, சொன்னால் போதும் என்று காத்திருந்தேன். அவன் உதடு இரண்டு தடவை அசைந்தது. வளர்ந்த பிள்ளை, பொய் சொல்லிப் பழகாதவன். அவன் அம்மா அப்படி வளர்த்துவிட்டாள்.

கடைசியில் குனிந்து என் காலைப் பார்த்தான்.

"இப்பவும் நோகுதுங்களா?" என்று கேட்டான்.

"இல்லை" என்றேன்.